சைக்கிளில் விழுந்து தலையில் அடியா? ஏற்காட்டு வளைவில் இருந்து வீடு வரை ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் சேலத்தில் கோரிமேடு தாண்டிப் போனால் ஏற்காடு மலை அடிவாரத்தில் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஏறும்போது பெரும்பாலும் யாரும் மோசமாக விழுவதில்லை, விழுந்தாலும் முட்டி சிராய்ப்போடு போய்விடும். இறங்கும்போதுதான் விஷயம் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். இந்த உயரத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டு மெல்லிய டயர்களை நம்பி இறங்குகிறோம். வளைவின் உள்பக்கம் மழை அடித்துக் கொண்டுவந்த சரளை கிடக்கும், சுற்றுலா வந்தவர்கள் போட்ட பொரிக்காக குரங்கு குறுக்கே பாயும், எதிரே வரும் பஸ் வளைவுக்காக முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இது கவர்ச்சியான ஜெர்சி போட்டவர்களுக்கு மட்டும் எழுதியது இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷன் போகும் பிள்ளை, அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் இன்னும் பழைய சைக்கிளையே மிதிக்கும் நெசவாளி, கேரியரில் பால் கேன் கட்டிப் போகிறவர், எல்லாருக்கும் மண்டை ஓடு ஒன்றுதான். இவர்களில் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை என்பதால் இவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

நான் சொல்ல வருவது அடிப்படையில் ஒரே விஷயம்: விழுந்தவர் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றால் அதை நம்பாதீர்கள். அடி பட்டிருப்பது மூளையில், பதில் சொல்வதும் அதே மூளை.

கிளம்பும் முன்: ஹெல்மெட்

சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் வண்டிக்குத்தான். பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மிதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கனமும் வெக்கையும் தாங்காமல் நாலாவது வளைவிலேயே அதைக் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிடுவீர்கள். சைக்கிளுக்கென்றே செய்த ஹெல்மெட்டை வாங்குங்கள். உள்ளே ஸ்டிக்கரில் இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்று இருக்க வேண்டும். முதலாவது ஐரோப்பியத் தரம், இரண்டாவது அமெரிக்கத் தரம்.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வெறும் தெர்மாகோல் எப்படிக் காப்பாற்றும் என்ற சந்தேகம் நியாயமானது. அது நசுங்குவதால்தான் காப்பாற்றுகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. ஐரோப்பியச் சோதனையில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து போட்டுப் பார்க்கிறார்கள். "நான் 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறேனே, அதற்கு இது போதுமா?" என்றால், சறுக்கி விழும்போது தலை தரையில் மோதுவது கிட்டத்தட்ட நம் உயரத்தில் இருந்து விழும் வேகத்தில்தான், மிச்ச வேகம் ரோட்டில் தேய்ந்து போகும். லாரியின் முகப்பிலோ தடுப்புச் சுவரிலோ நேராக முட்டினால் கணக்கு வேறு, அங்கே எந்த ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. ஒலிவியர், கிரைட்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டதில், விபத்தில் சிக்கிய சைக்கிள்காரர்களில் ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு சுமார் 69 சதவீதம் குறைவாக இருந்தது.

மாட்டும் விதம்: முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்க வேண்டும். நெற்றி முழுக்கத் தெரிகிறமாதிரி பின்னால் சாய்த்துப் போட்டால் போடாததற்குச் சமம். வார் இரண்டும் காதுக்குக் கீழே சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான்.

விழுந்த இடத்தில்

முதலில் ரோட்டைப் பாருங்கள். வளைவுக்கு மேல்பக்கம் ஒருவர், கீழ்ப்பக்கம் ஒருவர் போய் நின்று கையை ஆட்டி வண்டிகளை நிறுத்த வேண்டும். கார் இருந்தால் இண்டிகேட்டர் இரண்டையும் போட்டுக் குறுக்கே நிறுத்துங்கள். காப்பாற்றப் போனவர் மேல் பின்னால் வரும் வண்டி ஏறினால் இரண்டு ஆம்புலன்ஸ் தேவைப்படும்.

அப்புறம், தூக்காதீர்கள். நம் ஊரில் யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து கையைக் காலைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து, ஒரு ஆள் வாயில் தண்ணீர் ஊற்றி, இன்னொரு ஆள் முகத்தில் தெளித்து, மூன்றாவது ஆள் சோடா வாங்க ஓடுவார். நல்ல மனசுதான், ஆனால் அத்தனையும் தப்பு. தலையில் பலமாக அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம், தூக்குகிற தூக்கில் தண்டுவடம் போய்விடும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அதோடு, ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதுதான் மயக்க மருந்து கொடுப்பவருக்கு வசதி.

நீங்கள் செய்ய வேண்டியது: தலைப்பக்கமாக மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை இரு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்திருங்கள். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் கை வலிக்காது. பேச்சுக் கொடுங்கள், ஆனால் "ஆமா", "இல்ல" என்று தலையாட்டவிடாதீர்கள். மூச்சு வருகிறதா என்று நெஞ்சைப் பாருங்கள். வராவிட்டால் கழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். மூச்சு இருக்கிறது, ஆனால் நினைவில்லை, வாந்தி வருகிறது என்றால் தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து உடம்பு மொத்தத்தையும் ஒரு பக்கமாகத் திருப்புங்கள். சைக்கிள் ஹெல்மெட் வாயை மூடாது, அதனால் அதைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

மண்டையில் தோல் கிழிந்தால் ரத்தம் பயமுறுத்துகிற அளவுக்குக் கொட்டும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். எலும்பு உள்ளே அமுங்கினமாதிரி தெரிந்தால் மட்டும் அழுத்தாமல் லேசாக மூடி வையுங்கள். காப்பித்தூள் அப்பாதீர்கள். காப்பி விளைகிற மலை என்பதாலோ என்னவோ இங்கே யார் கையிலாவது ஒரு பொட்டலம் இருந்துவிடுகிறது. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியை விடுவதும் வேண்டாம், பக்கத்தில் கிடக்கும் கல்லையும் சைக்கிளையும் நகர்த்தினால் போதும்.

இன்னொன்று எல்லா ஊரிலும் சொல்வார்கள்: "ரத்தம் வெளிய வந்திருச்சு, இனி பயமில்ல." வெளியே கொட்டுவது தோலின் ரத்தம். மண்டை ஓட்டுக்கு உள்ளே கசிகிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது, இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடக்கலாம்.

ஆள் விழித்துக்கொண்டு பேசுகிறார் என்றாலும் கவனியுங்கள். இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அண்ணா, என் சைக்கிள் எங்க?"

"அந்தா ஓரமா சாத்தி வெச்சிருக்கு தம்பி."

"சரிண்ணா."

கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். மறுபடி, முதல் தடவை கேட்கிற அதே முகத்தோடு, "அண்ணா, என் சைக்கிள் எங்க?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், சைக்கிள் மேல் அவ்வளவு பாசம் என்பார்கள். மூளை புதிதாக எதையும் பதிவு செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. எந்த வளைவில் விழுந்தார், காலையில் என்ன சாப்பிட்டார், கூட வந்தது யார் என்று கேளுங்கள். தடுமாறினால் அவர் எவ்வளவு மறுத்தாலும் ஆஸ்பத்திரிதான். சைக்கிளைத் திரும்ப மிதிக்கவிடவே கூடாது.

108, மலையில் இருந்து இறக்குவது

நீங்கள் அழைப்பது சேலத்தில் என்றாலும் 108-ஐ எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பார். "அந்த டீக்கடைக்குப் பக்கத்துல" என்றால் அவருக்குப் புரியாது. மலைப்பாதையில் வளைவுகளுக்கு எண் எழுதிய பலகை இருக்கிறது, அந்த எண்ணைச் சொல்லுங்கள். அடிவாரத்தில் இருந்து ஏறும் பெரிய பாதையா, குப்பனூர் பாதையா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி மலையின் மறுபக்கம் தேடும். சிக்னல் இல்லாவிட்டால் இறங்கும் பைக் யாரையாவது நிறுத்தி, எண்ணைச் சொல்லி அனுப்புங்கள்.

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மேலே, ஏரிப் பக்கமோ காப்பித் தோட்டப் பாதையிலோ விழுந்தால் முதலுதவிக்கு அதுதான் பக்கம். ஆனால் மூளை அறுவை சிகிச்சை வரைக்கும் போகக்கூடிய காயம் என்றால் சேலத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். அரசுத் தரப்பில் அது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாம் ஜி.எச். என்கிறோமே அதுதான். இரண்டு மூன்று இடங்களில் ஏறி இறங்கி நேரத்தை விடாதீர்கள். ஸ்கேனும் நியூரோ சர்ஜனும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காரிலேயே கூட்டிக்கொண்டு இறங்கும்படி ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. வளைவில் இறங்கும்போது வாந்தி வரும், "மலை ஏறி இறங்கினா யாருக்கும் வர்றதுதானே", "பித்தம்", "வெறும் வயித்துல மிதிச்சது" என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதற்கும் அதே வாந்திதான் அடையாளம். தலையில் அடிபட்டு ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தால் அதை வளைவின் கணக்கில் எழுதாதீர்கள். எத்தனை தடவை, எத்தனை மணிக்கு என்று போனில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

முன்பின் தெரியாதவருக்கு உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவரை நல்லெண்ணத்தோடு காப்பாற்றியவர் மீது வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

ஆஸ்பத்திரியில்

உள்ளே போனதும் ஒரு எண் காதில் விழும்: ஜி.சி.எஸ். இத்தனை. 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு டாக்டர்கள் நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க உருவாக்கிய கிளாஸ்கோ கோமா அளவுகோல். கண் திறக்கிறாரா, எப்படிப் பேசுகிறார், கை கால் எப்படி அசைகிறது என்ற மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 3, முழுசு 15. 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான மூளைக்காயம், பெரும்பாலும் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 14 இருந்தவர் மதியம் 12 என்றால், யாரும் சொல்லாமலே உங்களுக்கு நிலைமை புரியும்.

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும். சைக்கிள்காரர்கள் கூடுதலாகப் பயப்பட வேண்டியது நெற்றிப்பொட்டுப் பக்கத்து அடிக்கு, பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது தரையில் மோதுவது அந்த இடம்தான். அங்கே எலும்பு மெல்லியது, அதன் உள்பக்கம் ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் குழாய் கிழிந்து, மூளையின் மேலுறைக்கும் எலும்புக்கும் நடுவில் ரத்தம் சேரும். இதில் பலர் முதலில் மயங்கி, பிறகு தெளிந்து, சில மணி நேரம் நன்றாகப் பேசி, அதன்பிறகு திடீரென்று சரிவார்கள். நடுவில் வரும் அந்தத் தெளிவை நம்பி வீட்டில் படுக்க வைத்தவர்கள்தான் காலையில் எழுப்ப முடியாமல் கதறுவது. நேரத்தோடு திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் ஆள் முழுசாகத் தேறி வருகிற காயமும் இதுதான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தலை சுழன்ற வேகத்தில் மூளை நரம்பிழைகளே ஆங்காங்கே அறுபடும் காயமும் உண்டு. அதில் சி.டி. ஏறக்குறைய சுத்தமாக இருக்கும், ஆள் கண் திறக்க மாட்டார். எம்.ஆர்.ஐ.யில்தான் ஓரளவு தெரியும். "ஸ்கேன் நல்லாத்தான் இருக்குன்றீங்க, ஏன் எந்திரிக்கல?" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சரி, அப்புறம்?

லேசான காயம், ஸ்கேனில் ஒன்றும் இல்லை அல்லது ஸ்கேனே தேவையில்லை என்று அனுப்பினால், அடுத்த 48 மணி நேரம் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் என்றால் யாராவது வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

தூங்கவிடக் கூடாது என்பது பழைய பயம். டாக்டர் பார்த்து அனுப்பியவர் தாராளமாகத் தூங்கலாம், மூளைக்கு அது வேண்டும். முதல் ராத்திரி டாக்டர் சொன்ன இடைவெளியில் தட்டி எழுப்பி, பேரைக் கேட்டு, சரியாகப் பதில் வந்தால் மறுபடி தூங்கவிடுங்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். தலைவலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சு குழறுவது, ஒரு கை மட்டும் பலம் குறைவது, ஒரு கண்மணி பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிவது, வலிப்பு, மூக்கில் இருந்தோ காதில் இருந்தோ தண்ணீர்மாதிரி வடிவது, காதுக்குப் பின்னால் அல்லது இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிப்போவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், நடுராத்திரி என்று யோசிக்காதீர்கள். மூக்கில் தண்ணீர் வடிந்தால் "சளி" என்று நினைத்துச் சிந்தவிடக் கூடாது, அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது, ஓயாத அழுகையும் சாப்பிட மறுப்பதும்தான் அவர்களின் பாஷை.

வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், ரத்தம் உறைவதை அவை தடுக்கும். டாக்டர் சொல்லும்வரை சாராயம் வேண்டாம், போதையும் மூளைக்காயமும் பார்க்க ஒரேமாதிரி இருக்கும்.

வயதானவர்கள்: மூன்று வாரம் கழித்து வருவது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுபது வயதுத் தாத்தா செவ்வாய்ப்பேட்டைக்கு சைக்கிளில் போய்வரும்போது குழியில் விட்டு விழுந்தார், ஒரு சின்ன வீக்கம், மறுநாள் மறந்தும் போனார் என்று வையுங்கள். வயது ஏற ஏற மூளை சுருங்கும், அதனால் மூளைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கும், சின்ன அடிக்கே கிழிந்து மெல்ல மெல்லக் கசியும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு காலை இழுத்து நடப்பார், சாப்பிட்டதை மறப்பார், பகலெல்லாம் தூங்கி வழிவார். வீட்டில் "வயசாயிருச்சில்ல" என்பார்கள். இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம், அவர்களுக்கு விழுந்த அன்றே ஸ்கேன் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மண்டையில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வடிப்பார்கள், பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறுவார்கள். அதற்கு, விழுந்த கதை யாருக்காவது ஞாபகம் இருந்தாக வேண்டும்.

ஸ்கேன் நார்மல், ஆள் நார்மல் இல்லை

கன்கஷன் என்கிற அதிர்ச்சிக் காயத்தில் ஸ்கேன் எதையும் காட்டாது. தலைவலி, வெளிச்சம் கூசுவது, சத்தம் ஆகாதது, ஒரு பக்கம் படித்தாலே களைத்துப்போவது, சள்ளென்று கோபம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகும். முதல் ஒன்று இரண்டு நாள் வீட்டில் ஓய்வு, போன் திரையைக் குறைப்பது, அதற்குப் பிறகு மெதுவாக நடக்கத் தொடங்குவது. இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை, இப்போது யாரும் சொல்வதில்லை. பொதுத்தேர்வு வருடத்துப் பிள்ளை என்றால் பள்ளியில் போய்ச் சொல்லுங்கள், அரை நாள் வகுப்பில் தொடங்கலாம். வெளியில் கட்டு எதுவும் தெரியாததால் "நடிக்கிறான்" என்று சொல்லிவிடுவார்கள்.

பெரிய காயத்தில் இருந்து பிழைத்து வந்தவர்களின் வீட்டில் நடப்பது வேறு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி அடிபட்டால் குணமே மாறும். சாந்தமாக இருந்த மனிதர் தட்டைத் தூக்கி எறிவார், வாய்க்கு வந்ததைப் பேசுவார். வாசனை தெரியாமல் போவதும் உண்டு, காஸ் கசிந்தால்கூடத் தெரியாது, அதனால் அவரைத் தனியாகச் சமைக்கவிடாதீர்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போவதைவிட, அறுவை செய்த இடத்திலேயே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, மனநல மருத்துவர் மூன்றையும் கேளுங்கள். பார்த்துக்கொள்கிற மனைவிக்கோ அம்மாவுக்கோ பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

காகிதமும் பணமும்

ஆஸ்பத்திரியில் போடும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வண்டி இடித்து விழுந்தவர் ஆஸ்பத்திரி பயத்தில் "தானா விழுந்துட்டேன்" என்று எழுதவைத்தால் பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரி கழுத்தைப் பிடிக்கும். ஸ்கேன் ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, உடைந்த ஹெல்மெட்டின் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் வையுங்கள்.

தமிழகத்தின் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பதிவு பெற்ற மருத்துவமனைகளில், தனியார் உட்பட, திட்டத்தின் வரம்புக்குள் பணம் கட்ட வேண்டாம், காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. சேரும்போதே திட்டத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். இடித்த வண்டி தெரிந்தால் அதன் இன்சூரன்ஸ் மீது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம், 6 மாதத்துக்குள் என்று சட்டத் திருத்தம் சொல்வதால் தள்ளிப்போட வேண்டாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம்.

மறுபடி சைக்கிள்

கன்கஷனில் இருந்து தேறுபவர்களுக்கு இது. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, அறுவை என்று போனவர்கள் நியூரோ சர்ஜன் சொல்லாமல் சைக்கிளைத் தொடக் கூடாது. ஒரு காயம் ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடும், அபூர்வம்தான், ஆனால் இளவயதுக்காரர்களை அது கொன்றிருக்கிறது.

முதலில் நடை. அப்புறம் நிலையாக நிற்கும் சைக்கிளில் மெதுவாக. அப்புறம் கொஞ்சம் வேகமாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஒரு நாள், தலைவலியோ கிறுகிறுப்போ கூடினால் ஒரு கட்டம் பின்னால் போங்கள். வேலையோ படிப்போ பழையபடி முழுசாக ஓடத் தொடங்கி, அறிகுறி எதுவும் மிச்சம் இல்லை, டாக்டரும் சரி என்றுவிட்டார் என்றால்தான் ரோடு. அதிலும் காலியான மைதானத்தில் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: நேர்கோட்டில் மிதித்துக்கொண்டே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பாருங்கள். உலகம் ஒரு கணம் மிதந்தால், அல்லது கோட்டை விட்டு விலகினால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இன்னும் தயாராகவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொரு முறையும் இதே அளவுக்குத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும்.

மலைக்கு ஆசை அடங்காவிட்டால், டாக்டர் விட்ட பிறகு முதல் சில தடவை ஏறுங்கள், ஏற்றத்தில் வேகம் எப்படியும் வராது. இறங்கும்போது சைக்கிளை யாருடைய காரிலாவது ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள்.